வழிப்போக்கனுக்கும் விசாவா?



தன் வீட்டுப் படலையைச் சாத்திவைக்கும் உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், வீட்டினுள் வராது ஒழுங்கையால் நடந்து செல்பவனையும் மறித்து அனுமதி கேட்பது எந்த முறை? இடைவழி விசா எனப்படுவது இதுவேயாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டில் வகுத்த விசாச் சட்டக்கோவையில் 12 நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியா, எரித்திரியா ஆகியவற்றோடு இலங்கையும் அதில் இடம்பெற்றது. இந்நாட்டவர் பாரிஸிலோ பிராங்பேர்ட்டிலோ விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினும், சர்வதேசப் பகுதியை விட்டு ஓரடி வெளியே வையாவிடினும், விசா வேண்டும். கனடா, அமெரிக்கா, யப்பான் முதலிய நாடுகளின் விசா கையிலிருப்பின் விலக்குண்டு. செல்வந்த நாட்டின் முத்திரை பெற்றவனுக்கு வழி திறக்கும்; பெறாதவனுக்கு வழியே இல்லை! (பயணச்சீட்டு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க: பாரிஸில் இறங்கி அங்கிருந்து பிராங்பேர்ட்டுக்குப் பறந்தால் அது ஷெங்கன் எல்லைக்குள் நுழைந்ததாகவே கொள்ளப்படும். அவ்விலக்கு அங்கே உதவாது.)

இவ்வேலி எக்காலத்தில், எவரை நினைத்து எழுப்பப்பட்டது? 1962ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பொதுநலவாய நாட்டவராகிய நாம் பிரித்தானியாவிற்குத் தடையின்றிச் சென்றோம். 1983ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் நம்மவர் உயிர் காக்க ஓடினர். 1985இல் இலங்கையர்மீது விசா விதிக்கப்பட்டது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் சிலர் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். அதே ஆண்டிலேயே, உரிய பத்திரமில்லாத பயணி ஒவ்வொருவருக்கும் 1,000 பவுண் தண்டம் செலுத்துமாறு விமானக் கம்பனிகளைப் பணிக்கும் சட்டம் பிறந்தது. 1993இல் இடைவழி விசாவும் தொடர்ந்தது.

இதன் விளைவென்ன? எல்லை இலண்டனில் இல்லை. கட்டுநாயக்காவில் பயணப்பொதி நிறுக்கும் மேசைக்கு வந்துவிட்டது. அங்கு நிற்பவர் நீதிபதியல்லர். தண்டத்துக்கு அஞ்சும் கம்பனி ஊழியர். "உனக்கு உயிராபத்து உண்டா?" என்று அவர் கேட்கமாட்டார், கேட்கும் கடமையும் அவருக்கில்லை. ஆபத்திலிருந்து நேரே தப்பி வந்த அகதியை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகின்றது. நன்று. ஆனால், விமானத்திலேயே ஏறவிடாதவனுக்கு அப்பிரிவால் என்ன பயன்?

மின்னணுப் பயண அனுமதி என்பது வேறு. அமெரிக்கா 2009இலும் கனடா 2016இலும், விசா வேண்டாத நாட்டவரிடம் அதனைக் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கின. பிரித்தானியா 2025இல் அமெரிக்கரையும் ஐரோப்பியரையும் அதற்குள் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தவாறே பணம் செலுத்திப் பெறும் அனுமதி அது. இலங்கையும் 2012 முதல் அத்தகைய முறையைக் கைக்கொண்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு அந்நியக் கடவுச்சீட்டோடு வரும் நம் உறவினரும், யாழ்ப்பாணத்தில் பிறந்தவராயினும், விண்ணப்பிக்க வேண்டியவராயினர். அது மனத்தை உறுத்துகின்றது. எனினும் உயிரைத் தடுப்பதன்று.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. இடைவழி விசாப் பட்டியலிலிருந்து இலங்கையை நீக்குமாறு கொழும்பு அரசாங்கம் பிரஸ்ஸல்ஸிடம் எழுத்தில் கோரவேண்டும். அக்கோரிக்கையை நாடாளுமன்றத்தில் எழுப்புமாறு நம் பிரதிநிதிகளை இக்கூட்டத்தின் சார்பில் கேட்டுக்கொள்கின்றோம்.