நுரையை வழித்துப் பாருங்கள்

(ஜெலாப்பாங்கில் கூடிய கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயலாளர் சொன்னார். பேசுகிறேன். அதற்கு முன் என் வீட்டுச் சமாசாரம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும்.

என் தாத்தா இந்த வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் வெட்டிய மரங்கள் இன்று இல்லை. அங்கே வீடுகளும் தொழிற்சாலைகளும் எழும்பிவிட்டன. நான் கிராணி வேலையில் சேர்ந்த முதல் நாள் மாலை வீடு திரும்பியபோது, "கிராணி வந்துட்டாரு!" என்று பாட்டி கேலியாகக் குரல் கொடுத்தார். வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா சட்டென்று எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. எண்பது வயதைத் தாண்டிய மனிதர்! நான் பதறிப்போனேன். "ஒனக்காக எந்திரிக்கலடா. கிராணின்னு காதுல விழுந்துச்சு, காலு தானா எந்திரிச்சிருச்சு" என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சிறுவனாக இருந்தபோது, 1941-ஆம் ஆண்டில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் அது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு, மருத்துவ வசதி செய், பெண்கள்மீது கை வைக்காதே என்று கேட்டார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

கூலி கேட்டுப் போராடியவர்கள் சைக்கிளை ஏன் இழுத்தார்கள் என்று சிலர் கேட்கலாம். என் தாத்தாவின் காலைக் கேளுங்கள், அது பதில் சொல்லும். இன்னொன்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கோரிக்கை வெள்ளைத் துரையோடு நிற்கவில்லை. பேனா பிடித்த நம்மவரையும் அது சுட்டியது.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஸ்டோரில் பால் நிறுக்க விட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பாலை நிறுத்து, அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலக்கை மிதக்கவிட்டு, அளவு பார்த்து எழுதுவோம். 25 கிலோ பாலுக்கு 32 விகிதம் என்று எழுதினால் காய்ந்த ரப்பர் 8 கிலோ. 28 என்று எழுதினால் 7 கிலோ. எண்ணெழுத்தில் சின்ன வித்தியாசம். மரம் வெட்டியவருக்கோ நாளொன்றுக்கு ஒரு கிலோ நஷ்டம், 26 நாளில் 26 கிலோ.

ஒருநாள் வெயில் ஏறிவிட்டது, வரிசை நீண்டு கிடந்தது. ஓர் அம்மாள் பாலுக்கு நான் 28 என்று எழுதினேன். அவர் வாளியை எடுக்காமல் நின்றார். "ஐயா, நொரைய வழிச்சிட்டுப் பாருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எனக்கே பாடமா என்று நினைத்தேன். ஆனாலும் நுரையை வழித்தேன். கோடு தெளிவாகத் தெரிந்தது. 32!

அன்றைய கணக்கைத் திருத்தினேன். ஆனால் அதற்கு முந்திய நாட்கள்? அந்த மாதம் முழுவதும் நான் நுரையோடுதான் அளவு பார்த்திருந்தேன். பால் ஃபாக்டரிக்குப் போய்விட்டது, மறுபடி அளக்க வழியில்லை. மேலிடத்தில் சொன்னால் வேலை போகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். எத்தனை பேர் கூலி என் பேனாவில் கரைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சபையில் இதைச் சொல்வது இதுவே முதல் தடவை. அந்த அம்மாளிடம்கூடச் சொன்னதில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954-இல் ஒரே தேசியச் சங்கமாக இணைந்த காலம் முதல், நாள் கூலியும் ரப்பர் விலையுமாக எத்தனையோ பேச்சுவார்த்தைகள் நடந்தன. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல்தான் வந்தது. தீபகற்பத்தில் அப்போது மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, ஐந்து பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700 ரிங்கிட் என்றானது. ஆகஸ்டு முதல் எல்லோருக்கும். கிலோக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் இந்த ஆணை பொருந்தும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும்.

ஆணை புத்ராஜெயாவில் பிறக்கிறது. அது தோட்டத்துக்கு வந்து சேருவது செக்ரோல் வழியாகத்தான். மழையால் வெட்டு நின்ற நாளை 'மழை' என்று எழுதாமல் 'வரவில்லை' என்று எழுதிப் பாருங்கள், 1,700 எங்கே போகிறது என்று தெரியும். கிராணி நண்பர்களே, நம்மை யாரும் திட்டிச் சொல்ல வேண்டியதில்லை; நமக்கே தெரியும். மேலிருந்து ஒரு வார்த்தை வரும், "கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்று. அதற்கு என்ன அர்த்தம் என்பதும் நமக்குத் தெரியும். அப்படி வார்த்தை வந்தால் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள். நான் அன்று வராமல் போனேன்.

இன்று பல தோட்டங்களில் மரம் வெட்டுகிறவர்கள் பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தோழர்கள். நுரையை வழித்துப் பார் என்று கிராணியிடம் சொல்ல அவர்களுக்குப் பாஷை இல்லை. சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. போன மாதம் அப்படி ஒரு பையன், நான் ஸ்டோருக்குள் நுழைந்ததும் துள்ளி எழுந்து நின்றான். உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நான் கிளையில் இருப்பேன். சம்பளச் சீட்டையும், மழையால் வேலை நின்ற நாட்களைக் குறித்து வைத்திருந்தால் அந்தக் குறிப்பையும் எடுத்து வாருங்கள். பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் அந்தப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். மலாயில் பேசிக்கொள்ளலாம்.