குறிஞ்சி மலரும் குன்றக் கடவுளும்



திருக்கோயில்களுக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு ஆற்றுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். பீடத்தில் சாத்திய அஷ்டபந்தன மருந்து காலப்போக்கில் வலுவிழக்கும்; அதனைப் புதுக்கித் திருவுருவை நிலைபெறச் செய்து, குடநீரால் ஆட்டுவர். அந்த ஒரு நாளுக்காக ஊரே காத்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலே, எந்தச் சோதிடரும் நாள் குறித்துக் கொடாமலே, இதே பன்னீராண்டுக் கணக்கைக் காத்து வரும் செடி ஒன்று உண்டு. அதுவே நீலக்குறிஞ்சி.

பழனி மலைத்தொடரிலும் நீலகிரியிலும் மூணாற்றை அடுத்த ஆனைமலைப் பகுதியிலும், சோலைக் காடுகளுக்கு இடையே விரிந்த புல்வெளிச் சரிவுகளில் இது வளர்கிறது. பெரும்பாலும் முழங்கால் அளவு உயரம். பதினோராண்டு இச்செடியை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. பன்னிரண்டாம் ஆண்டில், ஆவணி புரட்டாசியை ஒட்டி, மலை முழுதும் ஒருங்கே பூக்கிறது. வெளிர்நீலமாய் விரியும் பூ, முதிர முதிர ஊதா ஏறுகிறது. தேனீக்கள் மொய்க்கின்றன, குறிஞ்சித் தேன் அடைகளில் நிறைகிறது. பின்னர் விதை முற்றுகிறது; செடி மடிகிறது. தன் வாழ்நாளில் ஒரே முறை பூத்து, அந்தப் பூப்போடு தன்னை முடித்துக்கொள்ளும் செடி இது.

ஏன் எல்லாம் ஒருங்கே பூக்க வேண்டும்? விதையைத் தின்னும் உயிர்கள் எத்தனை தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே காலத்தில் விதை சொரிந்தால், எஞ்சியவை முளைக்கும் என்பது தாவர நூலார் கூறும் காரணங்களுள் ஒன்று. தனியே பூத்தால் அழியும். கூடிப் பூத்தால் குலம் நிலைக்கும்.

முல்லை மாலைதோறும் மலர்வது. நெய்தல் கழிகளில் எளிதாய்க் கிடைப்பது. இவற்றால் நிலங்களுக்குப் பெயரிட்ட பழந்தமிழர், மலைநிலத்துக்கு மட்டும் பன்னீராண்டு காத்தாலன்றிக் காணக் கிடையாத பூவின் பெயரைச் சூட்டினரே! கண்ணெதிரே ஆண்டுதோறும் பூக்கும் வேங்கையையும் காந்தளையும் விட்டு இதனைத் தேர்ந்த உள்ளம் எத்தகையது! அத்திணைக்கு உரிப்பொருள் புணர்தல். தெய்வம் சேயோனாகிய முருகன். வாழ்வில் ஒருமுறை வாய்ப்பதும், வாய்த்தபின் முழுவதும் தன்னைத் தந்துவிடுவதுமான அன்புக்கு இதனினும் பொருத்தமான பூ மலையில் வேறில்லை. மலைவாழ் முதுவர் குறிஞ்சி பூத்த கணக்கைக் கொண்டே தம் வயதைச் சொல்லும் வழக்கம் உடையவர் என்பர்.

பன்னீராண்டை ஆறுமுகனின் பன்னிரு தோளோடு சேர்த்துப் பேசுவது அடியார்க்கு இனிக்கும். இனிக்கட்டும், ஆயின் அதனை மிக வற்புறுத்த வேண்டுவதில்லை. குறிஞ்சி இனத்தில் வேறு கால அளவில் பூக்கும் செடிகளும் பல உள.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயில் 1936இல் எழுந்தது. அதனை எழுப்பியவர், யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியார் லீலாவதி அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவ நெறியைத் தழுவியவர். பின்னர் அக்கோயில் பழனித் தேவத்தானத்தின் பொறுப்பில் அமைந்தது. வானம் தெளிந்த நாளில் அங்கு நின்றால் வடக்கே பழனியும் தெற்கே வைகை அணையும் தோன்றும். குறிஞ்சி பூக்கும் ஆண்டில் அங்கே திரளும் கூட்டம் பெரிது.

அந்தக் கூட்டத்தை முன்னிட்டே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பூத்த கொத்தைக் கைநிறைய ஒடித்து ஆண்டவன் திருவடியில் சாத்த விரும்பும் அன்பர் உளர். அவர் அன்பில் குறையில்லை. ஆனால் நந்தவனத்து அரளியை இன்று பறித்தால் நாளை வேறு பூக்கும். குறிஞ்சியை விதை முற்றுமுன் ஒடித்தால், பன்னீராண்டுக் காத்திருப்பு அந்தக் கொம்போடு வீணாகிறது. மறு பூப்புக்கு அது வித்து விட்டுச் செல்வதில்லை. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகனுக்குச் சூட்டியவை கடம்பின் மாலையும் காந்தட் கண்ணியும். பழமுதிர்சோலைக் குறமகள் வழிபாட்டில் தொங்கவிடப்படுவது செவ்வலரி மாலை. குறிஞ்சியோ அங்கே பண்ணாகப் பாடப்படுகிறது. சூட்டும் பூவாக வரவில்லை. பாடுவதற்கு உரியது, பறிப்பதற்கு உரியதன்று என்று அவ்வழிபாட்டைப் படிப்பதில் பிழை என்ன?

பறிக்கும் கைகளைக் காட்டிலும் பெரிய கேடு, புல்வெளிகளைத் தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் விழுங்கியது. கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது, எஞ்சிய சரிவுகளையேனும் காப்பதற்காக.

பழனி மலையில் 2018இல் பூத்து மடிந்த செடிகளின் வித்தில் எழுந்த கன்றுகள் இப்போது புல்லோடு புல்லாய் நிற்கின்றன. அடுத்த பூப்பு 2030இல். அதுவரை அவற்றை மலைவழி செல்லும் அடியார் பலர் இன்னதென்று அறியாமலே கடந்து போவர். மாடுகளும் மிதித்துச் செல்லும்.