எண்ணிக்கை உறவாகுமா?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஜொகூர் பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. பிள்ளைகள் சிங்கப்பூரில், பெற்றோர் ஜொகூர் பாருவில். தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துப் பயணம் 2021 நவம்பர் 29இல்தான் தொடங்கியது.

உலகமே வீட்டுக்குள் முடங்கிய அந்த 2020இல், அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் இணையச் சேர்ந்திசை ஒன்றை உருவாக்கினார். 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் தத்தம் வீட்டில் பாடிப் பதிவு செய்து அனுப்பினார்கள். கணினி அவற்றை ஒரே பாட்டாகக் கோத்தது. 2010இல் அவருடைய முதல் முயற்சியில் பாடியவர்கள் 185 பேர்தான். பிரமாதமான வளர்ச்சி! ஆனால், பாடும்போது ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. எண்ணிக்கை பங்கேற்பைக் காட்டும், உறவைக் காட்டாது.

இப்படியொரு முயற்சி ஜொகூரில் நடந்தால் எப்படி மதிப்பிடுவது? மூன்று கேள்விகள் போதும். குளுவாங் தோட்டத்துப் பாட்டிக்குக் கைப்பேசியில் பதிவு செய்யக் கற்றுத்தர ஆள் இருந்தாரா? அவர் பாடியதைக் கேட்டு யாராவது பதில் பேசினார்களா? ஆறு மாதம் கழித்தும் அந்தப் பேச்சு தொடர்கிறதா?

மூன்றுக்கும் ஆம் என்றால், சுருதி விலகினாலும் அது வெற்றியே. இல்லையென்றால், லட்சம் பேர் பார்த்தாலும் பாட்டி மறுபடியும் தனிதான்.