துணியில படியுற தூசிக்கு யார் பொறுப்பு?

(ஏலாக்குறிச்சியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் கடன் பாக்கி, வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடிச்சுக் கிளம்புற நேரத்தில் ஒரு அக்கா எழுந்தாங்க. “சேமிக்கிற காசெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போகுது. புள்ளைக்கு இருமல் நிக்கல. காயப்போட்ட துணியில கைய வச்சா வெள்ளையா ஒட்டுது. இதை யாருகிட்ட சொல்றது?”ன்னு கேட்டாங்க. அவங்க ஊர் சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டு மேல இருக்கு. எங்களால அன்னைக்குப் பதில் சொல்ல முடியல. இந்த ஒரு மாசமா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இப்போ சொல்றோம்.

ஏலாக்குறிச்சி கொள்ளிடக் கரை ஊர். இங்கே ஆலை இல்லை. ஆனா வடக்கே போனா, பூமிக்கு அடியில் எல்லாம் சுண்ணாம்புக்கல். ஏழு கோடி வருஷத்துக்கும் முன்னால இங்கே கடல் இருந்துச்சாம், அதோட மிச்சம். அந்தக் கல்லுக்காகத்தான் 1979-ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பிச்சது, தனியார் ஆலைகளும் வந்தன. வேலை கிடைச்சது, பொய்யில்லை. நம்ம உறுப்பினர்கள் வீட்டிலேயே லாரி ஓட்டுறவங்க இருக்காங்க. அதனாலதான் இதைப் பேச எல்லாருக்கும் தயக்கம். “பேசினா வேலை போயிடும்”னு ஒரு தங்கச்சி எங்க காதிலேயே சொன்னாங்க. அந்தப் பயம் நியாயமானது. நாங்க ஆலையை மூடச் சொல்லல. தூசியை அவங்க வேலிக்குள்ளேயே பிடிச்சு வைங்க, லாரிக்குத் தார்ப்பாய் போடுங்க, ரோட்டுல தண்ணி தெளிங்கன்னுதான் கேக்குறோம். இது நாம கேக்குற தயவு இல்லை, ஆலைக்குக் கொடுக்கிற அனுமதியிலேயே எழுதற நிபந்தனை.

பெரிய கம்பெனியைப் பொம்பளைங்க கேள்வி கேக்க முடியுமான்னு நினைப்பீங்க. கேரளாவில் பாலக்காடு மாவட்டம், நம்ம எல்லையை ஒட்டி பிளாச்சிமடைன்னு ஒரு ஊர். அங்கே 2000-ல் கொக்கோ கோலா ஆலை வந்துச்சு. கொஞ்ச நாளில் கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, சோறு பொங்கவே ஆகல. குடத்தோட தூரமா நடக்க வேண்டியதாச்சு. தண்ணி தூக்குறது யாரு? பொம்பளைங்கதான். அதனால முதல்ல எழுந்ததும் அவங்கதான். மயிலம்மான்னு ஒரு பழங்குடிப் பெண் முன்னால நின்னாங்க. 2002 ஏப்ரலில் ஆலை வாசல்ல பந்தல் போட்டு உக்காந்தாங்க. ஆலைக் கழிவை உரம்னு விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தாங்க. 2003-ல் பி.பி.சி. வானொலி அதைச் சோதிக்க வச்சப்போ காட்மியமும் ஈயமும் இருந்தது தெரிஞ்சது. பெருமாட்டி கிராம பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லிடுச்சு. ஒரு பஞ்சாயத்துங்க! 2004 மார்ச்சில் ஆலை நின்னது, திரும்ப ஓடவே இல்லை.

இதோட நிறுத்தினா கதை நல்லா இருக்கும். ஆனா மீதியையும் சொல்லணும். நஷ்டம் 216 கோடி ரூபாய்னு அரசு அமைச்ச குழு 2010-ல் கணக்குப் போட்டுச்சு. அதை வாங்கிக் கொடுக்க 2011-ல் கேரள சட்டசபை ஒரு மசோதா போட்டுச்சு. அதுக்கு டெல்லியில் ஒப்புதல் கிடைக்கல. மயிலம்மா 2007-லேயே காலமாயிட்டாங்க. ஆலையை நிறுத்தினது ஒரு பாதி. நஷ்டத்தை வாங்குறது இன்னொரு பாதி, அதுதான் கஷ்டம்.

கொடைக்கானலிலும் அப்படித்தான். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001-ல் கண்டுபிடிச்சாங்க. ஆலை அந்த வருஷமே மூடிடுச்சு. பாதரசக் கழிவை 2003-ல் கப்பலில் ஏத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. வேலை செஞ்ச 591 பேருக்குக் கம்பெனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்க 2016 ஆயிடுச்சு. பதினஞ்சு வருஷம்.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு. அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்கிலேயே வந்தது. வேலூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாத்துல கலந்து நிலமும் கிணறும் பாழாச்சு. அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு: கெடுத்தவரே செலவை ஏத்துக்கணும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு, கெட்ட நிலத்தைச் சரிபண்ற செலவு, ரெண்டுமே அவர் தலையில. அதே வேலூர் விஷயத்தில் 2025 ஜனவரியிலும் நஷ்டஈட்டைக் கொடுங்கன்னு உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியதாச்சு. நல்ல தீர்ப்பு வந்தா மட்டும் போதாது, பின்னாலயே நடக்கணும். வங்கிக் கடனுக்கு நாம நடந்த மாதிரிதான்.

சரி, நாம என்ன பண்றது? முதல்ல எழுதி வைங்க. குழுவுக்கு ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, நேரம், எந்தப் பக்கம் காத்து, தூசி வந்துச்சா, லாரிக்குத் தார்ப்பாய் இருந்துச்சா, வீட்டுல யாருக்கு மூச்சு முட்டுச்சு, ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே. இருமலுக்குத் தூசிதான் காரணமான்னு டாக்டர்தான் சொல்லணும், நாம முடிவு பண்ண வேண்டாம். சேமிப்பு நோட்டில் ஒரு ரூபா விடாம எழுதுறவங்க நாம, இதுவும் முடியும். தேதி எதுக்குன்னா, பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேக்க பாதிப்பு தொடங்கி அஞ்சு வருஷத்துக்குள்ள போகணும்.

அப்புறம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில். பத்து ரூபாய்தான் கட்டணம், வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தா அதுவும் கிடையாது. ஆலைக்குக் கொடுத்த அனுமதியில என்னென்ன நிபந்தனை, கடைசியா எப்போ காத்தைச் சோதிச்சாங்க, அளவு என்னன்னு கேளுங்க. நுண்தூசி ஒரு நாள் சராசரியா ஒரு கனமீட்டர் காத்துல 100 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு 2009-லேயே விதி இருக்கு.

புது சுரங்கமோ விரிவாக்கமோ வந்தா மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவாங்க. 30 நாள் முன்னாடியே அறிவிப்பு வரணும். அங்கே பெரும்பாலும் முன்வரிசையில் யார் உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். நாம பின்னால நின்னு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிட்டு வந்துடுறோம். பேசினது அறிக்கையில் ஏறணும், அதைக் கூட்ட முடிவில் தமிழில் படிச்சுக் காட்டணும்னு விதியே சொல்லுது. படிக்காம எழுந்திருக்காதீங்க.

இன்னொரு பணமும் இருக்கு. 2015-லிருந்து சுரங்கம் வச்சிருக்கிறவங்க மாவட்ட கனிம அறக்கட்டளைக்குக் காசு கட்டணும். பழைய குத்தகைன்னா ராயல்டியில 30 சதவீதம். சுரங்கத்தால பாதிக்கப்பட்ட ஊருக்குக் குடிநீர், மருத்துவம், படிப்பு, மாசு தடுப்புக்குத்தான் அந்தப் பணம். உங்க ஊருக்கு என்ன வந்துச்சுன்னு கிராம சபையில் கேளுங்க. கம்பெனி தையல் மிஷின் கொடுத்தா வாங்கிக்கலாம், நாங்களும் வாங்கியிருக்கோம். ஆனா அது வேற கணக்கு, தூசி வேற கணக்கு. மிஷினை வாங்கிக்கிட்டோமேன்னு வாயை மூடிக்க வேண்டியதில்லை.

மனு எழுதத் தெரியலன்னா கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க, நாங்க எழுதித் தர்றோம். தனி ஆள் பேரில் வேண்டாம், குழு பேரில் போடுவோம். லாரி ஓட்டுற வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. கேள்வி கேட்ட அக்கா குழுவில் நோட்டு ஆரம்பிச்சாச்சு, பன்னிரண்டு நாள் எழுதியிருக்காங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மத்தவங்களும் கொண்டு வாங்க, சேர்த்து வச்சுப் பார்ப்போம்.