இரவு இரண்டு மணிக்கு யார் பிரதி எடுப்பது?

(நூற்றாண்டையொட்டி நடந்த பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறாவது ஆண்டில் பழைய அதிபர்களைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் கதைப்பதற்கு எத்தனையோ பேர் காத்திருக்கும்போது, கணினிக் காப்புப் பிரதியைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைச் செயலாளர் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மலருக்காக எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் பழைய சேர்விடாப்புகளையும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களையும் வகுப்புப் படங்களையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்து முடித்திருக்கிறார்கள். அங்கத்தவர் பதிவேடும் இப்போது கணினியில்தான். இவ்வளவும் இன்றைய திகதியில் எங்கே இருக்கின்றன? அலுவலக அறையிலுள்ள ஒரு கணினியில். அதன் பிரதி எங்கே இருக்கிறது? அதே அறை அலுமாரியில் உள்ள ஒரு வெளி வன்தட்டில். ஒரு கூரை ஒழுகினால், ஒரு கள்ளன் வந்தால், ஒரு மின்னல் விழுந்தால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

ஒரே இடத்தில் வைத்திருப்பது என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 1981 ஜூன் முதலாந் திகதி விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சாம்பலாகியிருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, கையில் எடுக்க முடிந்ததை எடுத்தோம். இடாப்புகளை யார் தூக்கிக்கொண்டு போவது? 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் இன்று ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் கிடைப்பதற்கு முக்கியமான காரணம், அவற்றின் பிரதிகள் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு நாடுகளில் சிதறிக் கிடந்ததுதான். சிதறிக் கிடப்பது சில நேரம் நல்லது.

இதைத்தான் கணினித் துறையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று சொல்வார்கள். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவச் செய்த விதி இது. மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், ஒன்றாவது வேறு இடத்தில். விதி இவ்வளவுதான், பின்பற்றுவதுதான் கஷ்டம். புது வன்தட்டு வாங்கிய முதல் கிழமை நாள்தோறும் பிரதி எடுப்போம். அடுத்த மாதம் கிழமைக்கு ஒருமுறை. பிறகு பரிசளிப்பு விழா வரும், கார்னிவல் வரும், அலுமாரித் திறப்பு யாரிடம் என்பதே மறந்து போகும். அதனால் மனுசரை நம்பாமல் இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் என்னுடைய கருத்து.

அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த தாள். மற்றது, நேரத்துக்கு மணி அடிக்கிற ஆள். தாள் என்பது கட்டளைக் கோப்பு. விண்டோஸில் பாட்ச் ஃபைல் என்றும், லினக்ஸில் ஷெல் ஸ்கிரிப்ட் என்றும் சொல்வார்கள். சாதாரண நோட்பாடில் எழுதக்கூடிய நாலைந்து வரிகள்: இந்தக் கோப்புறையை எடு, அந்த வன்தட்டில் இன்றைய திகதியிட்ட கோப்புறைக்குள் போடு, என்ன நடந்தது என்று ஒரு குறிப்பில் எழுது. மணி அடிக்கிற ஆள் விண்டோஸில் டாஸ்க் ஷெடியூலர். யூனிக்ஸ் குடும்பத்தில் கிரொன். கிரொன் 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. எங்கள் கூட்டத்தில் இருக்கிற பல பேரைவிட அதற்கு வயது கூட.

இதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே ரோபோகொப்பி என்ற கட்டளை கணினியோடு சேர்ந்தே வருகிறது. மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும், இடையில் தடைப்பட்டால் திரும்ப முயலும். ஆனால் அதன் குணத்தை அறிந்து பாவிக்க வேண்டும். அதில் 'மிர்' என்று ஒரு தெரிவு உண்டு. கண்ணாடி போல, மூலத்தில் இருப்பது அப்படியே பிரதியிலும் இருக்கச் செய்யும். கேட்க நல்லாக இருக்கிறது. ஆனால் மூலத்தில் யாராவது 1950களின் படக் கோப்புறையைத் தவறி அழித்துவிட்டால், அன்றிரவே பிரதியிலிருந்தும் அதை அழித்துவிடும். கண்ணாடிக்குப் பழையதை நினைவில் வைக்கத் தெரியாது. எங்களுக்கு வேண்டியது கண்ணாடி இல்லை, பழைய கொப்பிகளை அடுக்கி வைக்கிற லாச்சி. அதனால்தான் திகதியிட்ட கோப்புறை என்றேன்.

இன்னொன்று. சாதாரணமாக ஒரு கட்டளை முடிந்ததும் பூச்சியம் என்ற இலக்கத்தைத் திருப்பித் தந்தால் வெற்றி, வேறெதுவும் பிழை. ரோபோகொப்பி அப்படியில்லை. அதில் பூச்சியம் என்றால் பிரதி எடுக்க எதுவும் இருக்கவில்லை. ஒன்று என்றால் கோப்புகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. எட்டும் அதற்கு மேலும் வந்தால்தான் ஏதோ ஒரு கோப்பாவது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இதை அறியாதவர்கள் ஷெடியூலரில் ஒன்று என்ற முடிவைப் பார்த்துப் பயந்து, நன்றாக ஓடுகிற வேலையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் எந்த இலக்கத்தையும் பார்ப்பதில்லை. கட்டளைக் கோப்பின் கடைசியில் 'எட்டோ அதற்கு மேலோ என்றால் பிழை என்று எழுது' என ஒரு வரி சேர்த்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

கையால் இரட்டைக் கிளிக் செய்தால் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், இரவு இரண்டு மணிக்கு மட்டும் ஓடாமல் விடுவது எல்லோருக்கும் நடக்கிற கதை. காரணங்கள் மாயமல்ல. ஷெடியூலர் எங்கிருந்து தொடங்குவது என்று நாங்கள் சொல்லாவிட்டால் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் நின்றுகொண்டு எங்கள் கோப்புகளைத் தேடும். எனவே கட்டளையில் முழு முகவரியும் எழுத வேண்டும். நாங்கள் உள்நுழைந்திருக்கும்போது தெரிகிற வலையமைப்பு வட்டெழுத்து, ஆளில்லாத நேரத்தில் ஓடும் வேலைக்குத் தெரியாது. கிரொனிலும் இதே கதைதான், கட்டளைகளைத் தேடுகிற பாதை அதற்கு மிகக் குறுகலாகவே கொடுக்கப்பட்டிருக்கும்.

எங்கள் நாட்டுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஷெடியூலரில் புதிதாக ஒரு வேலை அமைத்தால், மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போது அந்த வேலையைத் தொடங்காதே என்பது முதலிலேயே தெரிவுசெய்யப்பட்டிருக்கும். நேரம் தப்பினால் பிறகு செய் என்பது தெரிவுசெய்யப்பட்டிராது. அதாவது இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லையென்றால் அன்று பிரதி இல்லை, யாரும் எதுவும் சொல்லப்போவதும் இல்லை. இந்த இரண்டு சிறு பெட்டிகளையும் மாற்றிவிடுங்கள். அல்லது, என்னைக் கேட்டால், இரவு இரண்டு மணியையே விடுங்கள். அது இருபத்துநாலு மணித்தியாலமும் கணினி ஓடுகிற வங்கிகளுக்குரிய நேரம். அலுவலகம் திறந்திருக்கும் பகல் பதினொன்றரை எங்களுக்குப் போதும்.

பெரிய இடங்களில் இவையெல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். கிட்லாப் என்ற நிறுவனம், உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையை வைக்கிற இடம். 2017 ஜனவரி 31 அன்று அங்கு ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். கிட்டத்தட்ட 300 ஜிகாபைட் தரவுத்தளம் போனது. பிரதியைத் தேடினார்கள். நாள்தோறும் பிரதி எடுக்கும் வேலை அட்டவணையில் இருந்தது, ஓடியும் இருந்தது. ஆனால் தரவுத்தளத்தின் பதிப்பும் பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போயிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் போகும்படி ஒழுங்கும் செய்திருந்தார்கள். அந்த மின்னஞ்சல் நம்பத்தகாதது என்று வாங்கும் பக்கம் திருப்பி அனுப்பிவிட்டது. வேறு வேலைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஒருவர் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் முழுவதையும் வெளியிட்டார்கள். அதனால்தான் எனக்கும் உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசெம்பரில் நடந்தது இதைவிட மோசம். அங்கு பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டே கோப்புகளை அழித்தது. பழைய பதிவுக் குறிப்புகளைத் துப்புரவு செய்ய அதில் ஒரு பகுதி இருந்தது. அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். ஷெல் ஸ்கிரிப்டைக் கணினி முழுவதையும் ஒரே தடவையில் வாசிப்பதில்லை. செய்யச் செய்ய வாசிக்கும். பாதியில் தாள் மாறியதால், எந்தக் கோப்புறை என்று சொல்ல வேண்டிய இடம் வெறுமையாகி, துப்புரவுக் கட்டளை ஆய்வாளர்களின் சேமிப்பகத்தில் பாய்ந்தது. ஏறத்தாழ 77 டெராபைட், 3 கோடி 40 இலட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். நான்கு குழுக்களுடையவற்றை மீட்க முடியவில்லை. ஓடுகிற ஸ்கிரிப்டில் கை வைக்கக்கூடாது. இடத்தின் பெயர் வெறுமையாக இருந்தால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிரதி எடுக்கிற ஸ்கிரிப்டுக்குள் அழிக்கிற கட்டளையைச் சேர்க்கவே கூடாது. கடைசியாகச் சொன்னது என்னுடைய பிடிவாதம், எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சங்க வன்தட்டு நிரம்பினால் பழையதை ஒரு மனுசி பார்த்து அழிக்கட்டும்.

இலங்கையிலும் பாடம் இருக்கிறது. 2023இல் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களை மீட்க முடியாமல் போனது. இணைப்பிலேயே இருந்த பிரதியும் தப்பவில்லை. அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. எப்போதும் கணினியில் செருகியபடி இருக்கும் வன்தட்டைக் கணினிக்குள் வரும் கிருமியும் காணும். ஆகவே இரண்டு வன்தட்டுகள் வேண்டும். ஒன்று செருகியபடி, மற்றது பொருளாளர் வீட்டில். வெள்ளிக்கிழமை தோறும் மாற்றுங்கள். இதை எந்த ஸ்கிரிப்டும் செய்யாது. கையால்தான் செய்ய வேண்டும்.

பதிவேட்டில் எங்கள் பிறந்த திகதி, பெற்றோர் பெயர், விலாசம் எல்லாம் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வன்தட்டு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைப்பது, திறப்பைக் கதவிலேயே விட்டுப் போவது மாதிரி. இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் கனடாவுக்கு மகளிடம் போனதும் எங்களுக்கு வழியில்லை.

கிட்லாப் கதையில் என்னைத் தொட்டது அந்தத் திரும்பிய மின்னஞ்சல்தான். பிழை வந்தால் அறிவி என்று ஒழுங்கு செய்தால், அறிவிப்பு வராத நாள் நல்ல நாளா, அறிவிப்பே செத்துப்போன நாளா என்று தெரியாது. எங்கள் விடுதியில் இரவு இடாப்புக் கூப்பிடும்போது இல்லாத பிள்ளையையா பெயர் சொல்லச் சொன்னார்கள்? இருக்கிற பிள்ளைதான் 'வந்தேன்' என்றது. அதுபோல, வெற்றியானால் ஒரு வரி வரட்டும்: எத்தனை கோப்பு, எவ்வளவு அளவு, எத்தனை மணிக்கு. சனிக்கிழமைக்குள் அந்த வரி வராவிட்டால் தேடுகிற பொறுப்பு ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தில் இருக்கத் தேவையில்லை. லண்டன் கிளையிலோ மெல்பேர்ணிலோ இருக்கலாம்.

அடுத்தது மீட்டுப் பார்ப்பது. பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்காதவரை அது பிரதியா என்று யாருக்கும் தெரியாது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரு பழைய மாணவி தான் விரும்பிய ஓர் ஆண்டைச் சொல்லட்டும், அந்த ஆண்டின் சேர்விடாப்புப் பக்கத்தைப் பிரதி வன்தட்டிலிருந்து, வேறொரு கணினியில் திறந்து காட்டுங்கள். பத்து நிமிட வேலை. தன்னுடைய பெயரைப் பார்க்க ஆசைப்படாத பழைய மாணவி யார்? இதற்கு ஆள் தேடத் தேவையிராது என்று நினைக்கிறேன்.

ஸ்கிரிப்டின் வரிகளை அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், பின்வரிசை மேசையில் இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது ஏன் இருக்கிறது என்று தமிழில் எழுதியிருக்கிறேன், அடுத்த செயற்குழுவுக்கு வருபவர்கள் என்னைத் தேடாமல் இருக்க. இன்றைக்கு எனக்கு வேண்டியது மூன்று பெயர்கள்: வெள்ளிக்கிழமை வன்தட்டை மாற்ற ஒருவர், சனிக்கிழமை அந்த வரி வந்ததா என்று பார்க்க ஒருவர், முதல் ஞாயிறு திறந்து காட்ட ஒருவர். தேநீருக்கு எழும்பும்போது செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.