பட்டும் பட்டாசும்

(தீபாவளிக்கு முந்தைய மாதக் கூட்டத்தில் ஓரிக்கை குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம நெய்யுற பட்டு முதல்ல சீனாவுல பிறந்ததுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பட்டாசும் அங்கே பிறந்ததுதான். அதனாலதான் பெரியவங்க அதைச் ‘சீனவெடி’ன்னு சொன்னாங்க.

வெடிமருந்து வருவதற்கு முன்பே சீனர்கள் பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டார்கள். கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடாகிப் படாரென்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குக் கெட்ட ஆவி ஓடிப்போகும் என்பது நம்பிக்கை. இன்றும் சீன மொழியில் பட்டாசுக்கு ‘வெடிக்கும் மூங்கில்’ என்றுதான் பெயர். சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்து வெடிமருந்து கண்டார்கள். பிறகு மூங்கில் போய்க் காகிதக் குழாய் வந்தது. சிவப்புக் காகிதம் சுற்றி, திரியில் கோர்த்துச் சரமாக்கினார்கள். புத்தாண்டு, கல்யாணம், கடை திறப்பு எல்லாத்துக்கும் வெடித்தார்கள். நம்ம சரவெடிக்கு அதுதான் மூத்த அக்கா!

நம் நாட்டுக்கு இது சிவகாசித் தொழிலானது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். 1940-க்குப் பிறகு பட்டாசு ஆலைகள் பெருகின. மழை குறைந்த வறண்ட பூமி. விவசாயத்துக்கு ஆகாதது மருந்து காய வசதியாப் போச்சு. குழாய் சுற்றுவது, திரி வைப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கைதான்.

இங்கேதான் நாம யோசிக்கணும். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மார்ச் 22 அன்று நம்ம காஞ்சிபுரம் பக்கம் குருவிமலையிலேயே பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டார்கள். அதில் நம்மைப் போல் கூலிக்குப் போன பெண்களும் உண்டு.

2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடை செய்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்தது.

அதனால் மூன்று வேண்டுகோள்.

1. வீட்டில் வைத்துத் திரி போடுற வேலை யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. ஒரு பொறி போதும். தறியும் பாவும் வீடும் சேர்ந்து போயிடும்.

2. தீபாவளிக் கடை போட விரும்பும் குழுக்கள் உரிமம் கைக்கு வந்த பிறகே சரக்கு எடுங்க. அதுக்கு முன்னாடி சேமிப்புப் பணத்தை முன்பணமாக் கொடுக்காதீங்க.

3. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போற சகோதரி உங்க குழுவில் இருந்தால், அவங்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கான்னு இந்த வாரமே கேளுங்க. இல்லைன்னா தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்க.

வெடி வெடிக்கிறது ஒரு நொடி. அதைச் சுற்றின கை பத்திரமா வீடு திரும்பணும்.