மரமஞ்சள்: மூலிகைச் சாறு மருந்தாவது எப்போது?

மருந்துக்கு அடங்காத நோய்க் கிருமிகள் பெருகி வருவதை முன்னிட்டு, 2017-ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. இந்நிலையில் மூலிகைகளின்பால் அனைவரின் கவனமும் திரும்புவது இயல்பே. ஆனால், மூலிகைச் சாறு ஒன்றை மருந்து என்று எப்போது கூறலாம்? இங்குக் கூடியுள்ள மாணவர்களும் அலுவலர்களும் சிந்திக்க வேண்டிய வினா இது.

மரமஞ்சளை எடுத்துக்கொள்வோம். இமயமலைச் சரிவுகளில் வளரும் முட்செடி இது. இதன் வேரைக் காய்ச்சி எடுத்த சாறு கண் நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. இதில் உள்ள பெர்பெரின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது ஆய்வுக்கூடங்களில் உறுதியாகியுள்ளது.

ஆயினும், சோதனைத் தட்டில் சாற்றைச் சுற்றிக் கிருமியற்ற வளையம் தோன்றியதாலேயே மருந்து கிடைத்துவிட்டது எனக் கொள்ளலாகாது. கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு யாது, அவ்வளவு மனித உடலுக்குத் தீங்கற்றதா, உட்கொண்டால் இரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பவற்றுக்கு விடை காண வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் பெர்பெரின் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது.

மேலும், சீழ்ப்புண்களை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி, தன்னுள் புகும் பெர்பெரினை வெளியே தள்ளிவிடுகிறது. மரமஞ்சளின் இனத்தைச் சேர்ந்த செடிகளிலேயே உள்ள வேறொரு பொருள் அதனைத் தடுத்து, பெர்பெரினுக்குத் துணைநிற்கிறது என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எனவே, பிரித்தெடுத்த பொருளையும் முழுச் சாற்றையும் தனித்தனியே சோதிப்பது அவசியம்.

சரக்கு எது என்பதும் தெளிவாக வேண்டும். தென்னாட்டில் மரமஞ்சள் என்ற பெயரில் வழங்குவது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் படரும் வேறொரு கொடியின் தண்டு. அதிலும் பெர்பெரின் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தாவரம் இன்னதெனத் தெரியாமல் அளவை நிர்ணயிக்க இயலாது.

மூலப்பொருளும் வற்றாதது அன்று. வேரைத் தோண்டினால் செடி அழிகிறது. தென்னாட்டுக் கொடியோ மிக மெதுவாக வளர்வது. மிகுதியாக வெட்டப்பட்டதால் அருகிவிட்டது. மருந்து வெற்றி பெற்றுத் தேவை கூடினால், சாகுபடி இன்றிக் காடு தாங்காது. 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மருத்துவத் தாவர வாரியத்தின் பணி இங்குதான் முக்கியத்துவம் பெறுகிறது.

ஆகவே, ஆய்வுக்கு உதவித் தொகை ஒதுக்கும்போதே பயிரிடுவதற்கும் தரக் கட்டுப்பாட்டுக்கும் வழி வகுப்பது அலுவலர்களின் கடமையாகும். தாவரத்தின் பெயர், பயன்படுத்திய பகுதி, சாறு எடுத்த முறை, அளவு ஆகியவற்றைத் தவறாது பதிவு செய்வது மாணவர்களின் கடமையாகும்.